உறைமோரும் நார்மல் டாட்டும்

1995 வரைக்கும் கணினி தெரிந்தவர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. வைரஸ் என்பது நிரலுக்கு வரும், ப்ளாப்பியின் தொடக்கப் பகுதியில் ஒட்டிக்கொண்டு வரும், எழுத்துக்கு வராது. ஒரு கடிதம், ஒரு கட்டுரை, ஒரு பயோடேட்டா, இதெல்லாம் வெறும் எழுத்து. போட்ட இடத்தில் கிடக்கும். திறந்து படிப்பதால் எந்தக் கணினிக்கும் எதுவும் ஆகிவிடாது.

அந்த வருடம் 'கான்செப்ட்' என்றொரு வைரஸ் வந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்ட் கோப்புகளுக்குள் இருந்துகொண்டு பரவியது. முதல் தடவை தொற்றும்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி தோன்றும். அதில் '1' என்ற எண் மட்டும் இருக்கும், கீழே ஓகே பொத்தான். அவ்வளவுதான். எதையும் அழிக்காது. அழிவு வேலைக்கென்று ஒதுக்கிய இடத்தில், சொல்ல வந்ததை நிரூபிக்க இதுவே போதும் என்கிற பொருளில் ஒரு குறிப்பை மட்டும் எழுதிவைத்திருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அந்த வருடம் அனுப்பிய ஒரு சிடியில் அது இருந்தது. விண்டோஸ், மேக் என்ற வித்தியாசம்கூட அதற்குக் கிடையாது. வேர்ட் இருந்தால் போதும்.

அது நிரூபித்தது இதைத்தான்: வேர்ட் கோப்பு வெறும் எழுத்து இல்லை. அதற்குள் 'மேக்ரோ' என்ற பெயரில் சின்னச் சின்ன நிரல்களை வைக்கலாம். திறந்ததும் இதைச் செய், மூடும்போது அதைச் செய் என்று சொல்லிவைக்கலாம். அலுவலக வேலையை எளிதாக்கக் கொடுத்த வசதி அது. திரும்பத் திரும்ப அடிக்க வேண்டிய முகவரியை ஒரே பொத்தானில் கொண்டுவரலாம். அதே வசதியை வைத்து, 'என்னை நகலெடுத்து அடுத்த கோப்பில் போடு' என்றும் எழுதலாம்.

இந்தக் கதையெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிந்தது. 2001-ல் பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி சென்டரில் தீசிஸ் அடித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நேற்று சுத்தம் செய்த ஃபைலில் இன்றைக்கும் வைரஸ் இருக்கிறது.

*

டிடிபி சென்டர் என்றால் இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கணினி இல்லாத காலம். கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், வேலைக்கு விண்ணப்பம், எம்ஃபில் ஆய்வேடு எல்லாவற்றுக்கும் ஒரு கடைக்குப் போய், கையால் எழுதிய தாள்களைக் கொடுத்து, யாரோ ஒருத்தி அடித்துத் தர, பிழை திருத்தி, மறுபடி கொடுத்து, மறுபடி திருத்தி வாங்க வேண்டும். அந்த ஒருத்தி நான். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். கடை அண்ணாச்சி அதற்கு முன்னால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். மெஷின்களை எல்லாம் விற்றுவிட்டு இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு லேசர் பிரிண்டரும் வாங்கிப் போட்டிருந்தார். முன்னால் ஒரு ஜெராக்ஸ் மெஷின். வெள்ளிக்கிழமை மானிட்டருக்கும் சந்தனம் குங்குமம் உண்டு.

பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் கல்லூரி. கொஞ்சம் தள்ளி பல்கலைக்கழகம். அதனால் எங்களுக்குப் பாதி வேலை தீசிஸ்தான். பக்கத்துக்கு 8 ரூபாய். விண்டோஸ் 98, வேர்ட் 97, பாமினி எழுத்துரு. ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் ப்ளாப்பி வைத்திருப்பார்கள். 1.44 எம்பி கொள்ளளவு. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புச் சதுரம். அதில் மூன்று வருட உழைப்பு இருக்கும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வருவார்கள்.

அந்த ப்ளாப்பி எங்கள் கடையில் மட்டும் இருக்காது. கல்லூரியில் இருக்கும் கம்ப்யூட்டரில் போடுவார்கள். நண்பன் அறையில் போடுவார்கள். நெறியாளர் வீட்டில் போடுவார்கள். எங்களிடம் திரும்பி வரும்போது அது எத்தனை வாசல் ஏறி இறங்கியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

*

வைரஸ் வந்தது எப்படித் தெரியும்? ஒன்றுமே திருத்தாமல் ஃபைலை மூடினாலும் சேவ் செய்யவா என்று கேட்கும். சில வகைகள் மெனுவில் இருந்து மேக்ரோ என்ற வரியையே காணாமலடித்துவிடும். ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் சிவப்புப் பெட்டி வந்து கத்தும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கைவைத்தியம் இருந்தது. மொத்தத்தையும் செலக்ட் செய்து வேர்ட்பேடில் ஒட்டி சேவ் செய்வது. மேக்ரோ போய்விடும், கூடவே அடிக்குறிப்புகளும் போய்விடும். நோட்பேடில் ஒட்டினால் எழுத்துருவே போய், பாமினியில் 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கணினிக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். ஷிப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே ஃபைலைத் திறந்தால் தானாக ஓடும் மேக்ரோ ஓடாது என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தார். அது உண்மை. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்த சர்வீஸ் பையன் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வைத்திருந்தான். ஃபார்மட்.

ஃபார்மட் செய்வான். புதிதாக எல்லாம் ஏற்றுவான். நாங்கள் அதே ப்ளாப்பிகளைப் போட்டு அதே ஃபைல்களைத் திரும்ப ஏற்றுவோம். நாலாம் நாள் சிவப்புப் பெட்டி.

"யாரு கண்ணு பட்டுச்சோ, கடைக்கு ஒரு சுத்து சுத்திப் போடணும்" என்று அண்ணாச்சி சொன்னது விளையாட்டுக்குத்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

ஏன் திரும்பத் திரும்ப வந்தது? எனக்குப் புரிந்தது உறைமோரை வைத்துத்தான்.

வேர்டில் 'நார்மல் டாட்' என்று ஒரு கோப்பு உண்டு. நாம் அதைத் திறப்பதே இல்லை. பக்க அளவு, எழுத்துரு, நம் சொந்த மேக்ரோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். வேர்டைத் திறந்தாலே அதுவும் கூடவே திறக்கும். புதுசாக ஒரு ஃபைல் தொடங்கினால் அதிலிருந்துதான் தொடங்கும். நோய் வந்த ஒரு ஃபைலை ஒரே ஒரு தடவை திறந்தால் மேக்ரோ போய் நார்மல் டாட்டில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தக் கணினியில் திறக்கிற, மூடுகிற எல்லா ஃபைலுக்கும் அங்கிருந்து போகும்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தினமும் தயிர் உறையும். ஒரு கரண்டி மோரை மிச்சம் வைத்து மறுநாள் பாலில் ஊற்றுவார்கள். ஒருநாள் மிச்சம் வைக்க மறந்தால் அடுத்த வீட்டில் போய் ஒரு கரண்டி வாங்குவார்கள். ஒரு வீட்டு உறைமோர் கெட்டுப்போனால் நாலு நாளில் தெருவில் பாதி வீட்டுத் தயிர் கொழகொழவென்று நூல் விடும். தயிரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினால் போதாது. மறுநாள் உறைக்கு அதே வீட்டுக்குத்தானே போகிறோம்?

நார்மல் டாட் என்பது உறைமோர்க் கிண்ணம். எல்லா ஃபைலையும் சுத்தம் செய்துவிட்டு நார்மல் டாட்டை விட்டால் பிரயோஜனமில்லை. நார்மல் டாட்டை அழித்துவிட்டு (அழித்தால் வேர்ட் புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொள்ளும்) ஒரே ஒரு ப்ளாப்பியை விட்டாலும் பிரயோஜனமில்லை. கடையில் எல்லாவற்றையும் சுத்தம் செய்தாலும், அந்த ப்ளாப்பி போய்வரும் இன்னொரு வீட்டில் கிண்ணம் இருக்கிறது.

இன்னொரு வீடு எது என்பதில்தான் பிரச்சினை வந்தது.

*

ஜூன் மாதம் கடையில் ஒரு பிள்ளை வேலைக்குச் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். ஊரிலிருந்து ஒருமணி நேரம் பஸ்ஸில் வருவாள். ஜெராக்ஸ் எடுப்பது, பைண்டிங்குக்குத் தாள் அடுக்குவது, மத்தியானம் கூட்டம் குறைந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து டைப் பழகுவது. ஒருநாள் அவள் அண்ணனுடைய பயோடேட்டாவை ஒரு ப்ளாப்பியில் கொண்டுவந்து பிரிண்ட் எடுத்தாள். அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள். இரண்டு பக்கத்துக்குக் காசும் கொடுத்தாள்.

அதே சமயம் ஒரு ஆய்வாளர் எங்களிடம் தீசிஸ் கொடுத்திருந்தார். வில்லுப்பாட்டு பற்றிய ஆய்வு. கோயில் கோயிலாகப் போய்க் கொடை விழாக்களில் விடிய விடிய உட்கார்ந்து கேசட்டில் பதிவு செய்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர், என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். டிடிபி சென்டரில் உட்கார்ந்திருக்கும் பெண் எல்லாருக்கும் அக்காதான்.

சமர்ப்பிக்க ஆறு நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் சிவப்புப் பெட்டி வந்தது. சுத்தம் செய்ய முடியவில்லை, அழிக்கட்டுமா என்று கேட்டது. நான் பைண்டிங் கடைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி 'ஆம்' கொடுத்துவிட்டார். மூன்றாம் இயல் போய்விட்டது. 64 பக்கம். பாடகர்களின் ஊர், வயது, யாரிடம் பாட்டுக் கற்றார்கள் என்ற அட்டவணைகள் முழுக்க அதில்தான் இருந்தன. ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததும் போனது, ப்ளாப்பியில் இருந்த நகலும் போனது. இரண்டிலும் ஒரே நோய், இரண்டுக்கும் ஒரே மருந்து.

முதல் புரூஃப் தாள்கள் இருந்தன. சிவப்பு மை திருத்தங்களோடு. இரண்டு இரவு உட்கார்ந்து நான் திரும்ப அடித்தேன். ஆய்வாளர் பக்கத்தில் இருந்து வாசிக்க வாசிக்க அடித்தேன். பாடகர்களில் இரண்டு பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் பெயர் வரும்போது மட்டும் அவர் கொஞ்சம் நிறுத்தி, எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

அந்த இரண்டு இரவுக்கு நடுவில் இருந்த பகலில் அண்ணாச்சி அந்தப் பிள்ளையை நிறுத்திவிட்டார்.

"நீ கொண்டாந்த ப்ளாப்பியிலதான் வந்துருக்கு. ஒரு தீசிஸே போச்சு. நாளைலருந்து வராண்டாம்."

அவள் ஒன்றும் பேசவில்லை. பயோடேட்டா எடுத்த அன்றைக்குத் தேதி என்ன என்று விரலை மடக்கி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

எம்சிஏ படிக்கும் பையன் ஒருவன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்க வருவான். அவன்தான் எனக்கு ஆல்ட் எஃப்11 சொல்லிக்கொடுத்தது. "மேக்ரோவ டிசேபிள் குடுத்து ஃபைலத் திறங்க. ஆல்ட் எஃப்11 அமுக்குங்க. உள்ள என்ன எழுதியிருக்குன்னு கண்ணாலயே பாக்கலாம்க்கா."

பார்த்தேன். இங்கிலீஷில் ஏதோ நிரல். அதன் கடைசியில் 'லாக்ஃபைல்' என்று போட்டு ஒரு அம்புக்குறி. அதற்குக் கீழே ஒரு பட்டியல்.

அந்த வைரஸின் பெயர் 'மார்க்கர்'. 90களின் கடைசியில் பரவிய வகை. மற்ற வைரஸ்கள் செய்யாத ஒரு காரியத்தை அது செய்தது. ஒவ்வொரு கணினியிலும் தொற்றும்போது, அங்கே வேர்டில் பயனர் பெயர் என்றும் முகவரி என்றும் என்ன கொடுத்திருக்கிறார்களோ அதை எடுத்து, நேரம், தேதியோடு தன் உடம்பிலேயே கடைசியில் எழுதிக்கொள்ளும். அடுத்த கணினிக்குப் போகும்போது அந்தப் பட்டியலும் கூடப் போகும். அங்கே இன்னொரு பெயர் சேரும். மாதத்தின் முதல் தேதியில் இன்டர்நெட் இருந்தால் பட்டியலை எழுதியவர்களின் குழுவுக்கு அனுப்பிவைக்கும். எங்கள் கடையில் இன்டர்நெட் கிடையாது. அதனால் பட்டியல் எங்கேயும் போகாமல் வளர்ந்துகொண்டே இருந்தது. அதில் முதல் பெயர் எழுதியவனின் புனைபெயர். முகவரி என்ற இடத்தில் 'ப்ளூ பிளானட்' என்று போட்டிருந்தான். நீலக் கோளம்.

கோயில் கல்வெட்டில் இன்னார் மகன் இன்னார் என்று போகுமே, அதுபோல நோய்க்கு ஒரு வம்சாவளி. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நோயே எழுதிவைத்திருக்கிறது. படித்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஆனால் பட்டியலில் பாதிப் பெயர் 'யூசர்'. யூசர், யூசர், யூசர். காரணம் எளிது. சுற்றுவட்டாரத்தில் நிறையக் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தது இரண்டு மூன்று பேர். எல்லாருக்கும் ஒரே சிடியில் இருந்து வேர்ட் ஏற்றுவார்கள். பெயர் கேட்கும் இடத்தில் கைக்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் கடை யூசர். பக்கத்துக் கடையும் யூசர். ஒரு வரியில் தேதி 1980 என்று இருந்தது. யார் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போய் கடிகாரம் பின்னால் போயிருக்கும்.

மறுநாள் ஆய்வாளரிடம், கைடு திருத்திக் கொடுத்த பழைய ப்ளாப்பிகள் இருக்கிறதா என்று கேட்டேன். இயலுக்கு ஒன்று என்று ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். கைடு வீட்டிலிருந்து வந்தபடியே, யாரும் சுத்தம் செய்யாமல் இருந்த ஐந்து ப்ளாப்பிகள். அவருடைய நெறியாளர் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். தாளில் திருத்துவதைவிட அதில் நேரடியாகத் திருத்துவதில் அவருக்கு ஒரு பெருமை. வீட்டில் யாரோ அவருடைய பெயரை இனிஷியல், பட்டங்கள், வீட்டு முகவரி எல்லாவற்றோடும் வேர்டில் ஒழுங்காகப் பதிந்து கொடுத்திருந்தார்கள்.

ஐந்து ப்ளாப்பியிலும் பட்டியலின் மேல் பகுதி அப்படியே ஒன்றுபோல் இருந்தது. ஐந்திலும் கடைசிப் பெயர் அவருடையது. தேதி மட்டும் ஐந்து விதம். முதல் தேதி மார்ச்சில். அந்தப் பிள்ளை கடையில் சேர்ந்தது ஜூனில்.

நாங்கள் ஒவ்வொரு தடவை சுத்தம் செய்து அனுப்பியதும் அங்கே போய் உறை ஊற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறது.

அவருக்கு முந்தின வரி யாரென்று பார்த்தேன். யூசர். அது எங்கள் கடையாக இருக்கலாம். எங்கள் கடையாக இல்லாமலும் இருக்கலாம். ஆக, நோய் எங்கே பிறந்தது என்று அந்தப் பட்டியல் எனக்குச் சொல்லவில்லை. எங்கே தங்கியிருக்கிறது என்று சொன்னது.

*

ஆய்வாளரிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அக்கா, அவ்வோகிட்ட போயி ஒங்க வீட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? கையெழுத்து அவ்வோதானே போடணும்."

அவருடைய பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆறு வருட ஆய்வு. ஒரு கையெழுத்து. 'உங்களிடமிருந்து வந்தது' என்று சொல்வதற்கும் 'நீங்கள் சுத்தமில்லை' என்று சொல்வதற்கும் நடுவில் அப்படி ஒன்றும் தூரம் கிடையாது. வைரஸ் என்ற சொல்லிலேயே ஒரு தீட்டு இருக்கிறது. மேலே இருப்பவரைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. கீழே இருப்பவரைப் பார்த்து யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆதாரம்கூட வேண்டாம்.

அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரிண்ட் எடுத்த பட்டியலை மெதுவாக வாசித்தார்.

"இத யாருகிட்டயும் காட்டிக்கிடாதம்மா. வருசத்துக்கு எட்டு பத்து தீசிஸ் அவ்வோ சொல்லித்தான் நம்ம கடைக்கு வருது."

"அப்ப அந்தப் பிள்ளைய எதுக்கு அனுப்புனிய?"

பதில் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வரச் சொல்லு" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. நிறுத்தியபோதும் மாதக் கணக்கைப் பைசா பாக்கியில்லாமல் கொடுத்தவர்தான். அன்றைக்கு ஒரு தீசிஸ் போயிருந்தது, யாராவது காரணமாக இருக்க வேண்டியிருந்தது. எட்டும் தூரத்தில் இருந்தது அவள்.

வைரஸை நிறுத்த ஒரு வழி கிடைத்தது. ப்ளாப்பியின் மூலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாள் உண்டு. அதைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வைத்தால் அந்த ப்ளாப்பியில் யாரும் எதையும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். மனிதனும் எழுத முடியாது, வைரஸும் எழுத முடியாது. அடுத்த தடவை கைடு வீட்டுக்குப் போன ப்ளாப்பியில் அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து, மேலே செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தேன். கூடவே இரட்டை இடைவெளியில் ஒரு பிரிண்டும்.

"சார், ப்ளாப்பியில ஏதோ கோளாறு, சேவ் ஆகமாட்டேங்குது. பிரிண்ட்லயே திருத்திக் குடுத்துருங்க சார்னு சொல்லுங்க."

அப்படியே சொன்னார். நெறியாளர் பென்சிலில் திருத்திக் கொடுத்தார். ப்ளாப்பி போனபடியே சுத்தமாகத் திரும்பி வந்தது. கடையில் இரண்டு கம்ப்யூட்டரிலும் நார்மல் டாட்டை அழித்து, பெட்டியில் இருந்த எல்லா ப்ளாப்பியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து சுத்தம் செய்தோம். அதற்குப் பிறகு எந்த வாடிக்கையாளர் ப்ளாப்பி கொண்டுவந்தாலும் சோதித்த பிறகுதான் ஃபைலைத் திறப்போம். மார்க்கர் திரும்ப வரவில்லை. தீசிஸ் சரியான தேதியில் போனது.

நெறியாளர் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் அப்படியே இருந்தது. அவருக்குக் கடைசிவரை தெரியாது. அவரிடம் ஆய்வு செய்த மற்றவர்கள் வேறு கடைகளில் அடித்தார்கள். அந்தக் கடைகளில் யார் வேலையை விட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளையைத் தேடிப் போனேன். திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருந்தாள். அண்ணாச்சி கூப்பிட்ட விஷயத்தைச் சொன்னேன். ப்ளாப்பிக் கதையையும் சொன்னேன். சிரித்தாள்.

"இங்கன காலையில இருந்து நிக்க வச்சே கொல்லுதாவக்கா. ஆனா எதாச்சும் காணாமப்போனா என்னைய மட்டும் கேக்கமாட்டாவ. நூறு பேரு இருக்கோம்லா."

வரவில்லை.

*

மேக்ரோ வைரஸ்களின் வரலாற்றைப் பிற்பாடு வாசித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது தொழில்நுட்பம் அல்ல. 1999 மார்ச் 26 அன்று 'மெலிசா' கிளம்பியது. வேர்ட் கோப்பைத் திறந்தால், நம் மின்னஞ்சல் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பும். தலைப்பில், இன்னாரிடமிருந்து முக்கியமான செய்தி என்று நம் பெயரே இருக்கும். தெரிந்தவர் அனுப்பியது, எப்படித் திறக்காமல் இருப்பது? எழுதிய டேவிட் ஸ்மித் சில நாட்களில் பிடிபட்டார். 2002-ல் 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

2007-ல் புது ஆஃபீஸ் வந்தபோது சாதாரணக் கோப்புக்கு 'டாக்எக்ஸ்' என்றும் மேக்ரோ உள்ளதற்கு 'டாக்எம்' என்றும் வேறு வேறு பெயர் வைத்தார்கள். எழுத்து வேறு, நிரல் வேறு என்று கோடு போட்டார்கள். அதற்குப் பிறகும் 'எமோடெட்' வந்தது. அது ஏற்கெனவே இரண்டு பேருக்குள் நடந்துகொண்டிருந்த கடிதப் போக்குவரத்துக்குள் புகுந்து, பதில் போடுவதுபோல வேர்ட் கோப்பை அனுப்பியது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதை முடக்கின. அதே வருடம் நவம்பரில் திரும்ப வந்தது. 2022-ல்தான் இணையத்திலிருந்து இறங்கும் கோப்புகளில் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. கான்செப்ட் வந்து 27 வருடம் கழித்து.

இத்தனை வருடமும் அது வாழ்ந்தது நாம் ஒருவரையொருவர் சந்தேகிக்கக் கூச்சப்படுவதால்தான். அந்தக் கூச்சம் நல்லதுதான், அது இல்லாமல் தெருவில் உறைமோர்கூட வாங்க முடியாது. ஆனால் எல்லாருக்கும் அது ஒரே அளவில் கிடைப்பதில்லை. எங்கள் கடையில் நெறியாளருக்கு முழுதாகக் கிடைத்தது. ஜெராக்ஸ் எடுத்த பிள்ளைக்கு ஒரு கேள்வி கேட்கும் அளவுக்குக்கூடக் கிடைக்கவில்லை. நோய் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், எங்கோ ஒரு கிண்ணத்தை நாம் கழுவாமல் விட்டிருக்கிறோம். அது பெரும்பாலும் நம் கண்ணில் படாத கிண்ணம் இல்லை. கழுவுங்கள் என்று நம்மால் சொல்ல முடியாத ஒருவருடைய கிண்ணம்.

இப்போது நானே ஒரு சின்னப் பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். ப்ளாப்பி போய் பென் டிரைவ் வந்துவிட்டது. அதில் ஃபோல்டர்களை எல்லாம் மறைத்துவிட்டு ஷார்ட்கட்டாகக் காட்டும் வைரஸ் இன்றைக்கும் மாதத்துக்கு இரண்டு மூன்று வருகிறது. வேலை செய்யும் பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். யார் கொண்டுவந்தது என்று கேட்காதீர்கள், இது எங்கெல்லாம் போய்விட்டு வருகிறது என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் நான் இல்லை என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு உட்கார்ந்து யோசிப்பார்கள்.

போன வாரம் எம்எஸ்சி படிக்கும் ஒரு பெண் பென் டிரைவ் கொடுத்தாள். மூன்றாவது தடவையாக அதே ஷார்ட்கட். கேட்டேன். யோசித்தாள்.

"வீட்டு லேப்டாப்க்கா. அப்புறம் ஃப்ரெண்டோடது. அப்புறம்..." என்று இழுத்தாள். "ஹெச்ஓடி ரூம் கம்ப்யூட்டர்."

"அவங்ககிட்ட சொன்னியா?"

என்னைப் பார்த்தாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பென் டிரைவில் அந்தச் சின்னத் தாழ்ப்பாள் கிடையாது. ஃபைலை பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்பச் சொன்னேன். அங்கேயும் இனி அப்படியே அனுப்பு, பென் டிரைவைக் கொண்டுபோகாதே என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.